கையில் 9 சோடி, பாயில் ராசா: லிமிட் ஹோல்டெமில் நடுத்தரச் சோடிகளை ஆடுவது எப்படி

304 கடதாசி ஆட்டம் ஆடி வளர்ந்தவருக்கு ஹோல்டெம் என்ற போக்கர் ஆட்டத்தைச் சொல்லிக் கொடுக்கும்போது முதலில் இடறும் இடம் கடதாசிகளின் வரிசைதான். 304இல் ஜாக்குக்கு 30 புள்ளி, 9க்கு 20, ஏஸுக்கு 11, 10க்கு 10. ராசாவுக்கு வெறும் 3, ராணிக்கு 2. கையில் இரண்டு ஜாக் வந்துவிட்டால் முகத்தை மறைக்க முடியாது. செத்த வீட்டுப் பந்தலில் விடிய விடிய ஆடியவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த இரண்டு ஜாக்கை வைத்து யாரை எப்படி மடக்கினோம் என்று பத்து வருடம் கழித்தும் சொல்வார்கள்.

ஹோல்டெமில் கதை வேறு. ஏஸ், ராசா, ராணி மூன்றும் ஜாக்குக்கு மேலே நிற்கின்றன. இரண்டு ஜாக், இரண்டு 10, இரண்டு 9, இரண்டு 8 எல்லாம் வாங்கும்போது நல்ல கைதான். நடுவில் மூன்று கடதாசி திறந்ததும் அதே கை தள்ளாடத் தொடங்கும். திருக்கோவில், பொத்துவில் பக்கத்துப் பொடியன்கள் பலர் அறுகம்பைக்கு அலைச்சறுக்க வரும் வெள்ளைக்காரரோடு இருந்து இந்த ஆட்டத்தைப் பிடித்திருக்கிறார்கள். சோடி வந்தால் ஏற்று என்பது வரை எல்லோருக்கும் தெரிகிறது. நடுவில் அந்த மூன்று கடதாசி, அதாவது பிளொப், திறந்த பிறகு என்ன செய்வதென்றுதான் தெரிவதில்லை. இந்தக் கட்டுரை அந்த இடத்துக்கு மட்டும்.

ஆடுவதற்கு முன்

நாங்கள் ஆடுவது புளியங்கொட்டைக்கு. காசு வைத்து ஆடினால் சூதாட்டச் சட்டத்தில் மாட்ட இடமுண்டு, அதைவிட முக்கியமாகக் கூட்டாளித்தனம் கெடும். ஆளுக்கு 100 கொட்டை எண்ணி வைத்தால் ஒரு மழை இரவு ஓடிவிடும். கச்சான் கோதை மட்டும் வேறு பக்கம் போடுங்கள். இருட்டில் இரண்டும் கலந்து கணக்குப் பிழைத்துப் போகும்.

விதி இதுதான். ஒவ்வொருவருக்கும் மூடிய கடதாசி இரண்டு. அதைப் பார்த்து ஒரு சுற்று. பிறகு நடுவில் மூன்று திறந்த கடதாசி, அது பிளொப். நான்காவது டேர்ன். ஐந்தாவது ரிவர். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு சுற்று. லிமிட் ஆட்டத்தில் போடும் தொகை முன்பே குறித்த அளவுதான். முதல் இரண்டு சுற்றிலும் பெட் 2 கொட்டை, டேர்னிலும் ரிவரிலும் 4 கொட்டை. ஒரு சுற்றில் ஒரு பெட், அதற்கு மேல் மூன்று ஏற்றம் (ஒவ்வொன்றும் அதே அளவு கூட்டுவது), அதோடு நிறுத்தம். கடதாசி பகிர்பவருக்கு இடப்பக்கம் இருக்கும் இருவரும் கடதாசி பார்க்கும் முன்பே 1 கொட்டையும் 2 கொட்டையும் போடவேண்டும். அவை சின்னப் பிளைண்ட், பெரிய பிளைண்ட்.

டிவியிலும் யூடியூபிலும் நீங்கள் பார்ப்பது நோ-லிமிட். அங்கே ஒருவன் கைச்சோடியோடு நின்றால் முழுவதையும் நடுவில் தள்ளி மற்றவர்களைத் துரத்தலாம். லிமிட்டில் அந்த வழி இல்லை. உங்களிடம் இருப்பது 2 கொட்டை, கூடினால் ஏற்றம் சேர்த்து 4. குவியலில் 20 கொட்டை கிடக்கும்போது 2 கொட்டைக்கு யாரும் பயந்து ஓடப்போவதில்லை. நடுத்தரச் சோடியின் சங்கடம் முழுவதும் இதிலிருந்துதான் வருகிறது.

சோடி ஏன் தள்ளாடுகிறது

கையில் இரண்டு ஜாக் என்றால், பிளொப்பில் அதைவிடப் பெரிய கடதாசி ஒன்றாவது விழ 57% வாய்ப்பு. இரண்டு 10 என்றால் ஏறத்தாழ 70%. 9க்கு 79%, 8க்கு 87%, 7க்கு 92%. அதாவது 8 சோடியோடு உட்கார்ந்திருப்பவர் பத்தில் ஒன்பது தடவைக்குச் சற்றுக் குறைவாகத் தன்னைவிடப் பெரிய கடதாசி ஒன்றைப் பாயில் பார்க்கத்தான் போகிறார். விழுந்துவிட்டதே என்று ஒவ்வொரு தரமும் தலையில் கை வைப்பதில் பொருளில்லை, அதுதான் வழமை.

சரி, மூன்றாவது 8 வந்தால்? பிளொப்பில் அது வர வாய்ப்பு 11.8%, எட்டரைத் தடவையில் ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளொப்பில் வராவிட்டால் பிறகு நம்புவது வீண். பார்க்காத கடதாசி 47, அதில் உங்களுக்கு உதவுவது இரண்டு. உதவாத 45க்கு உதவுவது 2, அதாவது 22.5க்கு 1. இந்த எண்ணை மட்டும் மனப்பாடம் பண்ணுங்கள். "ஒரு கடதாசி பார்ப்பம் மச்சான், மறுகா விடுவம்" என்று 2 கொட்டை போடும் ஒவ்வொருவரும் இந்த 22.5ஐ எதிர்த்துத்தான் போடுகிறார்கள். அந்த மூன்றாவது கடதாசி, அதாவது செட், மட்டுமே நம்பிக்கை என்றால் குவியலில் அதற்கேற்ற கொட்டை கிடக்கவேண்டும். பெரும்பாலும் கிடக்காது.

முதல் வேலை: ஆள் எண்ணுங்கள்

பிளொப் திறந்ததும் எல்லோரும் பாயையே பார்ப்பார்கள். நீங்கள் முதலில் சுற்றிப் பாருங்கள். எத்தனை பேர் இன்னும் உள்ளே?

கையில் 8 சோடி. பாயில் 7-5-2, மூன்றும் வேறு வேறு சின்னம். பார்க்க அழகான பிளொப். எதிரே ஒரே ஒருவர், அவரிடம் ஏஸ்-ராசா என்று வைப்போம். இரண்டு கடதாசி இன்னும் வரவிருக்கிறது. ஏஸோ ராசாவோ விழ 25% வாய்ப்பு. நாலில் மூன்று தடவை குவியல் உங்களுக்கு.

இப்போது இன்னொருவரையும் உள்ளே விடுங்கள், அவரிடம் ராணி-ஜாக். உங்களை முந்தக்கூடிய கடதாசி ஆறிலிருந்து பன்னிரண்டாகிவிட்டது. ரிவருக்குள் அந்தப் பன்னிரண்டில் ஒன்றாவது விழ 48.5%. கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. உங்கள் கை மாறவில்லை, பாயில் கிடப்பதும் மாறவில்லை. ஆள் ஒருவர் கூடினார், அவ்வளவுதான். நான்கு பேர் உள்ளே என்றால் நிலைமை எப்படி இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அறுவடைக் காலத்தில் அக்கரைப்பற்று ரோட்டோரம் நெல் காயப்போட்டவரின் நிலைதான் இது. நெல் அவருடையதுதான், ஆனால் மேகம் கூடக் கூட அள்ளிச் சாக்கில் கட்டும் அவசரமும் கூடும்.

இதிலிருந்து வருவது: ஆள் பலர் என்றால் ஏற்றுங்கள் அல்லது விடுங்கள். ஆள் ஒருவர் என்றால் பொறுத்துப் பிடித்திருங்கள். பலர் நடுவே வெறுமனே கோல் பண்ணிக்கொண்டு (கேட்ட கொட்டையை மட்டும் போட்டுக்கொண்டு) பின்னால் போவதுதான் புளியங்கொட்டையை மெல்ல மெல்ல வடியவிடும் வழி. புதியவர்கள் செய்வதும் அதைத்தான். ஏற்றப் பயம், விட மனமில்லை.

இரண்டாவது வேலை: பாயைப் படியுங்கள்

பிளொப் மூன்று வகை என்று பிரித்துக்கொண்டால் போதும்.

எல்லாம் உங்கள் சோடியைவிடச் சின்னது. 9 சோடிக்கு 8-3-2 போல. இங்கே நீங்கள்தான் முன்னால், அடித்து ஆடுங்கள். ஆனால் 8-6-5, அதில் இரண்டு ஒரே சின்னம் என்றால் அதே "எல்லாம் சின்னது" பேச்சளவில்தான். 7 வைத்திருப்பவர், இரண்டு ஒரே சின்னம் வைத்திருப்பவர், ஏஸ்-ராசா வைத்திருப்பவர் எல்லோருக்கும் ஆசை இருக்கும். முன்னால்தான் நிற்கிறீர்கள், ஆனால் ஓட்டம் நீளமானது.

ஒன்று மட்டும் பெரியது. 9 சோடிக்கு ராசா-7-2. ஆள் எண்ணிக்கைதான் இங்கே தீர்ப்பு. ஒருவர் என்றால் அவரிடம் ராசா இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நால்வர் என்றால் யாரோ ஒருவரிடம் இருக்கும் என்றே எடுங்கள்.

இரண்டு பெரியது. ஜாக் சோடிக்கு ஏஸ்-ராணி-6. ஐந்து பேர் ஆளுக்கு 4 கொட்டை போட்டு குவியலில் 20. முதலாமவர் 2 போடுகிறார், இரண்டாமவர் 4ஆக ஏற்றுகிறார். குவியல் 26, நீங்கள் போடவேண்டியது 4. ஆறரைக்கு ஒன்று கிடைக்கிறது, உங்களுக்குத் தேவை 22.5. யோசிக்க எதுவுமில்லை, கடதாசியைக் கவிழ்த்துவிட்டுப் பிளேன்டீ குடியுங்கள். இரண்டு ஜாக்கை விடுவதா என்று நெஞ்சு அடிக்கும். அது 304 பழக்கம்.

மூன்றாவது வேலை: பெட் எந்தப் பக்கத்திலிருந்து வரும்?

லிமிட்டில் நடுத்தரச் சோடிக்கு இருக்கும் ஒரே நல்ல ஆயுதம் இதுதான். அதனால் கொஞ்சம் மெதுவாகப் போவோம்.

தனியாக உங்களால் 2 கொட்டைதான் கேட்க முடியும். வேறொருவர் பெட் போட்ட பிறகு நீங்கள் ஏற்றினால், உங்களுக்குப் பின்னால் இருப்பவர் ஒரே அடியில் 4 கொட்டை எடுத்து வைக்கவேண்டும். அந்த இரட்டை விலைதான் ஆளைத் துரத்தும்.

கணக்கைப் பாருங்கள். உங்கள் 8 சோடியோடு 4ஆக ஏற்றினீர்கள், பின்னால் இருவரும் பெரிய பிளைண்டும் கூட வந்தார்கள். சின்னப் பிளைண்ட் 1 கொட்டையை விட்டுப் போனார். நாலு நாலு பதினாறு, அதோடு 1, குவியல் 17. பிளொப் 7-5-2. பெரிய பிளைண்ட் 2 போடுகிறார், குவியல் 19. அடுத்து நீங்கள்.

நீங்கள் வெறுமனே கோல் பண்ணினால் குவியல் 21. பின்னால் ராணி-ஜாக்கோடு இருப்பவர் 2 போட்டால் 21க்கு ஆடலாம், பத்தரைக்கு ஒன்று. அவரைக் காப்பாற்றும் கடதாசி ஆறு, அடுத்த கடதாசியில் அது விழுவது 6.8க்கு 1. எனவே அவர் கோல் பண்ணுவது சரி. அவர் கணக்குத் தெரிந்து செய்தாலும் தெரியாமல் செய்தாலும் உங்கள் சோடியிலிருந்துதான் அவர் பங்கு எடுக்கிறார்.

நீங்கள் 4ஆக ஏற்றினால் குவியல் 23, அவர் போடவேண்டியது 4. ஐந்தே முக்காலுக்கு ஒன்று. அவருக்குத் தேவை 6.8. இப்போது அவர் விட்டால் உங்களுக்கு நல்லது. விடாமல் வந்தாலும் அவர் பிழையான விலைக்கு வருகிறார், அதுவும் உங்களுக்கு நல்லது. கூடுதலாக நீங்கள் கொடுத்தது இரண்டே கொட்டை.

இதைச் செய்ய, பெட் போடப்போவது யார், அவர் எங்கே இருக்கிறார் என்று முன்கூட்டியே தெரியவேண்டும். பிளொப்புக்கு முன் கடைசியாக ஏற்றியவர்தான் பிளொப்பிலும் போடுவார் என்று எடுத்துக்கொள்ளுங்கள், எங்கள் பக்கத்தில் பத்துக்கு எட்டுப் பேர் அப்படித்தான்.

அவர் உங்களுக்கு ஒட்டிய வலப்பக்கம் என்றால் அவர் போட்டதும் நீங்கள் ஏற்றுங்கள். பின்னால் இருப்பவர்கள் எல்லோருக்கும் இரட்டை விலை.

அவர் உங்களுக்கு ஒட்டிய இடப்பக்கம் என்றால் நீங்களே முதலில் போடுங்கள். கை நல்லதென்று நினைத்திருப்பவர் ஏற்றாமல் விடமாட்டார். அவர் ஏற்றும்போது மற்றவர்கள் இரட்டை விலையில் மாட்டுவார்கள், வேலையை அவர் உங்களுக்காகச் செய்துவிடுகிறார்.

அவர் சுற்றின் கடைசியில், நீங்கள் முதலில் என்றால் செக் பண்ணுங்கள், அதாவது எதுவும் போடாமல் அடுத்தவருக்கு விடுங்கள். எல்லோரும் செக் பண்ண அவர் போடுவார், அப்போது நீங்கள் ஏற்றுங்கள். நடுவில் இருப்பவர்களுக்கு விலை இரட்டிப்பாகும். இதில் ஆபத்து ஒன்று உண்டு: அவரும் செக் பண்ணிவிட்டால் எல்லோருக்கும் இலவசமாக ஒரு கடதாசி. ஆகவே கை துறுதுறுவென்று இருப்பவரிடம் மட்டும் இதை வையுங்கள். அடக்கமான ஆளிடம் நீங்களே போட்டுவிடுவது மேல்.

குவியல் அளவுக்கு மீறிப் பெருத்திருந்தால்?

பிளொப்புக்கு முன்பே இரண்டு தரம் ஏறி ஐந்து பேர் ஆளுக்கு 6 போட்டுவிட்டார்கள் என்று வையுங்கள், குவியல் 30. பிளொப்பில் ஒருவர் 2 போட நீங்கள் 4ஆக ஏற்றினாலும் அடுத்தவருக்கு 36க்கு 4, ஒன்பதுக்கு ஒன்று. ஆறு கடதாசிக்காரர் தாராளமாக வருவார். ஏற்றியும் யாரும் போகமாட்டார்கள்.

இப்படியான இடத்தில் கொஞ்சம் பொறுக்கலாம். பிளொப்பில் கோல் மட்டும். ஐவரும் 2 போட்டுக் குவியல் 40. டேர்னில் கெடுதலில்லாத கடதாசி, ஒரு 3 என்று வைப்போம், விழுந்து அதே ஆள் 4 போட்டால் இப்போது 8ஆக ஏற்றுங்கள். குவியல் 52, அடுத்தவர் போடவேண்டியது 8. ஆறரைக்கு ஒன்று. ஒரே கடதாசி மிச்சமிருக்க ஆறு கடதாசிக்காரருக்குத் தேவை 6.67. மயிரிழையில் அவருக்குப் பிழைக்கிறது. ஒரு ஏஸ் மட்டும் வைத்துக்கொண்டு மூன்று கடதாசியை நம்பி இழுபடுபவருக்குப் பெரும் பிழை. டேர்னில் ராசா விழுந்து இருவர் துள்ளினால் 2 கொட்டை செலவோடு நீங்கள் வெளியே.

தொடக்கத்தில் இதை அடிக்கடி செய்யவேண்டாம். சாதாரணக் குவியலில் பிளொப்பிலேயே ஏற்றுவதுதான் சரி.

ஒரே ஒருவர் எதிரே இருக்கும்போது

இங்கே புதியவர்கள் எதிர்ப்பக்கமாகப் பிழை விடுகிறார்கள், பெரிய கடதாசி ஒன்றைக் கண்டதும் ஓடிவிடுகிறார்கள்.

கையில் 9 சோடி. நீங்கள் 4ஆக ஏற்ற, பெரிய பிளைண்ட் மட்டும் வந்தார். சின்னவர் விட்ட 1 சேர்த்துக் குவியல் 9. பிளொப் ராசா-7-2. அவர் செக், நீங்கள் 2 போட, அவர் 4ஆக ஏற்றுகிறார். பக்கத்தில் சும்மா இருந்து பார்ப்பவர் "டேய், ராசா இருக்குடா, விடு" என்பார். அவர் கொட்டையா போகிறது.

குவியல் இப்போது 15. கடைசிவரை பிடித்துக்கொண்டு போனால் உங்கள் செலவு இங்கே 2, டேர்னில் 4, ரிவரில் 4, மொத்தம் 10. வென்றால் கிடைப்பது 15உம் அவர் இனிப் போடும் 8உம், மொத்தம் 23. பத்துப் போட்டு 23 எடுக்க, நூற்றில் 30 தடவை வென்றால் போதும். எதிரே இருப்பவர் ராசா இல்லாமலும் ஏற்றக்கூடியவரா? 7 வைத்துக்கொண்டு ஏற்றுவாரா? நீங்கள் பயந்து விடுவீர்கள் என்று தெரிந்தவரா? மூன்றில் ஒரு தடவை அப்படிச் செய்பவர் என்றால் பிடித்திருங்கள். மாதத்துக்கு ஒரு தரம் ஏற்றும் பெரியவர் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார், அவர் ஏற்றினால் கும்பிட்டு விட்டுவிடுங்கள். கணக்கு ஒன்றுதான், ஆள்தான் வேறு.

இரண்டு பேர் மட்டும் ஆடும் லிமிட் ஹோல்டெமை ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2015இல் கம்பியூட்டரைக் கொண்டு ஏறத்தாழ முழுவதும் தீர்த்துவிட்டார்கள். செபியஸ் என்று அதற்குப் பெயர். மனிதன் வாழ்நாள் முழுவதும் ஆடினாலும் அதை வெல்லக்கூடிய வழியைக் காட்ட முடியாது என்ற அளவுக்குத் தீர்வு. அது சோடியை எந்த முகத்துக்கு எதிராக விடவேண்டும் என்று பார்ப்பதில்லை. நம்மிடம் அந்தக் கம்பியூட்டரும் இல்லை, எதிரே இருப்பதும் கம்பியூட்டர் இல்லை. முகத்தைப் பார்ப்பது நமக்கு இன்னும் உதவும்.

பார்க்கவேண்டிய ஒன்று: மூன்றாவது ஒரே சின்னக் கடதாசி விழுந்ததும் தன் இரண்டையும் மீண்டும் நுனி தூக்கிப் பார்ப்பவர். ஃபிளஷ் (ஐந்தும் ஒரே சின்னம்) ஏற்கெனவே கையில் இருப்பவருக்கு அது நினைவில் இருக்கும். திரும்பிப் பார்ப்பவர் பெரும்பாலும் தன்னிடம் அந்தச் சின்னத்தில் ஒன்றாவது இருக்கிறதா என்று தேடுகிறார். சத்தியம் பண்ணமாட்டேன், ஆனால் மின்சாரம் போய் அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் ஆடும்போதுகூட அந்த நுனி தூக்கல் தெரியும்.

டேர்ன்: விலை இரட்டிப்பாகும் இடம்

பிளொப்பில் முன்னால் நின்று, டேர்னிலும் உதவாத சின்னக் கடதாசி விழுந்தால் போடுங்கள். செக் பண்ணி எதிராளிக்கு இலவசமாக ஒரு கடதாசி காட்டுவது நடுத்தரச் சோடிக்குச் செய்யும் துரோகம்.

ஒரு விலக்கு. கையில் 10 சோடி, பாயில் ஏஸ்-8-3, எதிரே ஒருவர். பிளொப்பில் போட்டீர்கள், அவர் கோல். டேர்னில் ஒரு 4, அவர் செக். ஏஸ் அவரிடம் இருந்தால் நீங்கள் போடும் 4 வீண், ஏற்றினால் இன்னும் வீண். அவரிடம் 8 இருந்தால் உங்களை முந்த அவருக்கு ஐந்து கடதாசி, 46இல் 5, ஏறத்தாழ 11%. ராசா-ராணி என்றால் ஆறு கடதாசி, 13%. இலவசக் கடதாசியின் ஆபத்து அவ்வளவுதான். இங்கே செக் பண்ணிவிட்டு ரிவரில் அவர் போட்டால் கோல் பண்ணுவது எனக்குப் பிடித்த வழி. நீங்கள் செக் பண்ணியதைப் பயம் என்று எடுத்து, ஒன்றுமில்லாதவரும் ரிவரில் போடுவார். இதையே 9-8-4 பிளொப்பில், ஸ்ட்ரெய்ட்டும் (வரிசையாக ஐந்து கடதாசி) ஃபிளஷும் பாயில் நடமாடும்போது செய்யாதீர்கள்.

டேர்னில் உங்கள் பெட்டுக்கு மேல் ஒருவர் ஏற்றினால்? எங்களைப் போன்ற வீட்டு ஆட்டங்களில் டேர்னில் ஏற்றுவது பெரும்பாலும் பொய்யில்லை. இரண்டு சோடியோ அதற்கு மேலோ இருக்கும். சோடியை விடுங்கள். பொய்க்கு ஏற்றுபவர் யார் என்று உங்களுக்கே தெரியும், அவரிடம் மட்டும் வேறு நியாயம்.

ரிவர்

இங்கே கணக்குத் தலைகீழாகும். குவியல் 36, ஒருவர் 4 போடுகிறார், 40க்கு 4. பதினொரு தடவையில் ஒரு தடவை வென்றால் கணக்கு நேராகிவிடும். எதிரே ஒருவர் மட்டும் என்றால், அடிமுடி தெரியாத சந்தேகம் இருந்தாலும் கோல் பண்ணுங்கள். 4 கொட்டை போனால் போகட்டும். பிழையாக விட்டால் போவது நாற்பது.

ஒருவர் போட்டு இன்னொருவர் கோல் பண்ணி உங்களிடம் வந்தால் விடுங்கள். முதலாமவர் பொய் சொல்லலாம். அதைக் கேட்டுக்கொண்டு கோல் பண்ணிய இரண்டாமவர் கையில் எதையோ வைத்திருக்கிறார், அது உங்கள் சோடியைவிடப் பெரியதாகத்தான் இருக்கும்.

2 முதல் 6 வரை

சின்னச் சோடிகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பல பேர் உள்ளே, விலை 2 கொட்டைதான் என்றால் வாருங்கள். பிளொப்பில் மூன்றாவது விழாவிட்டால் போங்கள். இவற்றை ஏற்றிக் காப்பாற்ற முயல்வது பெரும்பாலும் வீண். 3 சோடியைவிடச் சின்னது 2 மட்டுமே.

ஒரு குழி இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளுங்கள். கையில் 3 சோடி, பிளொப் 9-9-4, எதிரே ஏஸ்-ராசாக்காரர். இப்போது 9 சோடி, 3 சோடி என்று இரண்டு சோடி உங்களிடம், முன்னால் நிற்கிறீர்கள். டேர்னில் இன்னொரு 4. பாயிலேயே 9 சோடியும் 4 சோடியும் வந்துவிட்டன, உங்கள் 3 சோடி செல்லாக்காசு. இரண்டு சோடியும் எல்லோருக்கும் பொது, ஐந்தாவது கடதாசிதான் வெல்லும், அவரிடம் ஏஸ். அவருக்கு ஏஸும் விழவில்லை, ராசாவும் விழவில்லை, ஆனாலும் குவியல் அவருக்கு. இதைப் பார்க்காமல் ரிவர்வரை கொட்டை போட்டுவிட்டு "எப்பிடிக்கா இது" என்று முழிப்பவர்கள் ஏராளம்.

தனியே பழகுவது

மழை பிடித்து வெளியே போகமுடியாத நாளில் கடதாசிக் கட்டை எடுத்து 8 சோடியைப் பாயில் வையுங்கள். மிச்சத்தைக் கலக்கி மூன்று மூன்றாகத் திறந்துகொண்டே போங்கள். ஒவ்வொரு பிளொப்புக்கும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: ஒருவர் எதிரே என்றால் என்ன, நால்வர் எதிரே என்றால் என்ன. பெரும்பாலும் இரண்டு பதிலும் வேறாக இருக்கும். வேறாக வரவில்லை என்றால் நீங்கள் இன்னும் பாயை மட்டுமே பார்க்கிறீர்கள், ஆளைப் பார்க்கவில்லை.

அது கைவந்த பிறகு குவியலைக் கொட்டையில் எண்ணப் பழகுங்கள். ஆடும்போது நடுவில் கை நீட்டி எண்ணக்கூடாது, அது மரியாதையுமில்லை, உங்கள் எண்ணமும் வெளியே தெரிந்துவிடும். ஒவ்வொருவர் போடும்போதும் மனதில் கூட்டிக்கொண்டே வரவேண்டும். 17, 19, 23 என்று. முதல் சில இரவுகள் கணக்குத் தவறும். தவறினால் அந்தக் கைக்கு மட்டும் விட்டுவிட்டு அடுத்த கையில் முதலிலிருந்து தொடங்குங்கள். எங்கள் கூட்டத்தில் வாய்ப்பாடு சொல்வதுபோல் உதடு அசைத்து எண்ணும் ஒருவர் இருக்கிறார். அவர் உதடு நின்றால் ஏற்றப்போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். உதட்டை மூடிக்கொண்டு எண்ணுங்கள்.